காதிர் காக்கா வாங்கிய மதர்போர்டு

காயல்பட்டினத்தில் 'துபாய் காதிர்' என்று விசாரித்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவுக்கு நாலு துபாய் காதிர்கள் இருப்பார்கள். 'கம்ப்யூட்டர் காதிர்' என்று கேட்க வேண்டும். சின்னவர்களுக்கு அவர் காதிர் காக்கா, அதாவது அண்ணன். செய்கு அப்துல் காதிர் கல்யாணமான மறு வருஷம் துபாய்க்குப் போனவர். கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் தெருவொன்றில் ஒரே கடையில் நின்று நின்றே தலை நரைத்துவிட்டார். நின்றே என்றால் நிஜமாகவே நின்றுதான், அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போடும் வழக்கமில்லை. முழங்கால் தேய்ந்ததும் முதலாளியின் மகன் வியாபாரத்தை ஆன்லைனுக்கு மாற்றியதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தன. போன வருஷம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்கு வந்து யாராவது "நல்ல மதர்போர்டா ஒண்ணு குடுங்க" என்றால் எடுத்து நீட்டிவிட மாட்டார். "என்ன வேலைக்கு?" என்று முதலில் கேட்பார். சினிமா வெட்டி ஒட்டவா, கணக்கு எழுதவா, பிள்ளைகள் விளையாடவா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அலமாரிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். போர்டில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை, வேலைக்கு ஒத்தது ஒவ்வாதது என்றுதான் உண்டு என்பது அவருடைய கட்சி. சூடானியும் மலையாளியும் பாகிஸ்தான் பட்டாணியும் அவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இப்படி ஊர் உலகத்தையெல்லாம் கேட்டவர், சொந்த வீட்டில் கேட்காமல் விட்டார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என்றால் அதுவும் லீவுக்கு லீவுதான். காதிர் தம் மனைவி ருகையாவின் வீட்டில் விருந்தாளியாகவே காலத்தைக் கழித்திருந்தார். சீனி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. வீட்டின் முன்வாசல் அவருக்குத் தெரியும். பின்வாசல் தெரியாது. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடும் குறுகலான முடுக்குகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. ஒரு பெண் தெருவையே மிதிக்காமல் பத்து வீட்டுக்குப் போய்வந்துவிடலாம். ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அது மரியாதை. அந்த மரியாதையில் காதிர் இம்மியும் குறை வைத்ததில்லை. அதனாலேயே அந்த வழியாகத் தம் வீட்டுக்குள் என்னென்ன வந்து போனது என்று அவருக்குத் தெரியாமல் போனது.

வந்து போனது மூமினா. இரண்டு வீடு தள்ளி இருப்பவள், கணவனை இழந்தவள். திருப்பூரில் யாரோ கடையை மூடியபோது பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். மெஷினோடு ஒரு சிடியும், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டி என்றால் அது ஒரு பூட்டு. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில், அந்தக் காலத்துப் பிரிண்டர் வயரைச் சொருகும் அகலமான துவாரத்தில் அதை மாட்டினால்தான் டிசைன் போடும் புரோகிராம் திறக்கும். மாட்டாவிட்டால் திறக்காது. மூமினாவிடம் கம்ப்யூட்டர் இல்லை. ருகையாவிடம் இருந்தது. மகள் இல்மாவின் படிப்புக்கும், தம்மோடு முகம் பார்த்துப் பேசவும் என்று காதிரே துபாயில் பார்த்துப் பார்த்து வாங்கியது. ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் ஒரு தடவை போர்டு, ஒரு தடவை ராம் என்று சாமான் சாமானாகக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடியில் ஒருவரிடம் பூட்டச் செய்திருந்தார். பிரிண்டர் துவாரம் இருக்கிற போர்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். வேடிக்கையைப் பாருங்கள்.

முதலில் மூமினாவுக்கு உதவியாகத்தான் ருகையா உட்கார்ந்தாள். பிறகு அது அவளைப் பிடித்துக்கொண்டது. பூவை வரைந்தால் மட்டும் போதாது. ஊசி எந்த ஓரத்தில் இறங்க வேண்டும், தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், நூல் எங்கே அறுபட வேண்டும், எல்லாவற்றையும் மெஷினுக்குக் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் துணி சுருங்கி முகம் சுளிக்கும். ருகையாவின் கைக்கு அது வந்தது. வரைந்து முடித்ததைப் பென் டிரைவில் போட்டு முடுக்கு வழியாக அனுப்புவாள், மூமினா வீட்டில் மெஷின் ஓடும்.

அவள் திருட்டுத்தனமாக ஆரம்பிக்கவில்லை. ஆரம்பத்திலேயே போனில் கேட்டாள்.

"மூமினா மெஷினுக்கு நான் டிசைன் போட்டுக் குடுக்கட்டுமா? கூலி தாரேன்னு சொல்லுதா."

அன்றைக்குக் காதிருக்குக் கடையில் ஏதோ மனத்தாங்கல். "நீ கூலிக்கு வேலை பாக்கணும்னா நான் எதுக்கு இங்கன பாலைவனத்துல கிடந்து சாவுதேன்? நான் அனுப்புறது போதலையா?" என்று கேட்டுவிட்டார். அதைக் கேள்வி என்று சொல்ல முடியுமா?

"சரி" என்றாள் ருகையா. அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. வேலையையும் விடவில்லை. அவர் லீவில் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மேல் பூத்துணி விழுந்துவிடும். போனதும் துணி விலகும். மகள் இல்மாவுக்குத் தெரியும். முடுக்கு நெடுக எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கல்யாண வீடுகளின் தலையணை உறையிலும் தொழுகை விரிப்பிலும் ஓடும் கொடி யார் கைவேலை என்று பெண்கள் பார்த்த உடனே சொல்வார்கள். காதிருக்கு மட்டும்தான் தெரியாது.

நோன்பு மாதம் வந்தால் ஊரிலிருந்து யார் மூலமாவது துபாய்க்கு ஒரு பொட்டலம் போய்ச் சேரும். மாசிக் கருவாடு, வறுத்த மாவு, பெருநாளைக்குப் போட ஒரு வெள்ளைத் தொப்பி. தொப்பி ஓரத்தில் மெலிதாக வேலைப்பாடு இருக்கும். பெருநாள் தொழுகையில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். "எங்க ஊர்ல கிடைக்கும்" என்பார் காதிர். ரூமில் இருப்பவன் ரொம்ப ஆசைப்பட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார். கொடுக்கிற கை அவருக்கு.

சரி, கம்ப்யூட்டர் படுத்த கதைக்கு வருகிறேன்.

அவர் ஊரோடு வந்த பிறகு ருகையாவுக்கு வேலை செய்யும் நேரம் சுருங்கிப்போனது. அவர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் கூட்டாளிகளோடு உட்காரும் நேரம், இவ்வளவுதான். ஒருநாள் அவர் கடற்கரையிலிருந்து திரும்பியபோது கம்ப்யூட்டரில் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது, திரையில் ஒன்றும் இல்லை. ருகையா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"என்ன ஆச்சு?"

"தெரியல. திடீர்னு அணைஞ்சிட்டு. பொறவு வரவே மாட்டேங்கு."

காதிர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். பார்த்த உடனேயே விஷயம் தெரிந்துவிட்டது. போர்டின் மேல் நிற்கும் சின்னச் சின்ன உருளைகளில் சில பூரி மாதிரி உப்பி, தலை வெடித்திருந்தன. பின்பக்கத் தகட்டில் பச்சையாகக் களிம்பு. கடலும் உப்பளமும் ரெண்டு பக்கமும் இருக்கிற ஊரில் எந்தப் போர்டு இத்தனை வருஷம் தாங்கும்? தாங்கியதே பெரிசு.

"மதர்போர்டு போயிட்டு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன். வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. கறி வாங்கப் போனால் எலும்பை வாங்கி வருகிறார் என்று பேர். பாத்ரூம் குழாயைச் சரிசெய்யப் போய் தெரு வரைக்கும் தண்ணீர். இப்போது வீட்டில் கெட்டுப்போன சாமான், உலகத்திலேயே அவருக்கு நன்றாகத் தெரிந்த சாமான்.

ருகையா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளாக அவரிடம் ஒன்றைக் கேட்பது அபூர்வம்.

"எனக்கு அது பழையபடி ஓடணும்" என்றாள். "ஒண்ணும் மாத்த வேண்டாம். பழையபடி இருந்தா போதும். கொஞ்சம் சீக்கிரமா."

"பழையபடி என்ன, அதைவிட நல்லா ஓட வச்சித் தாரேன்" என்றார் காதிர்.

அவளுக்கு என்ன அவசரம் என்று அவர் யோசிக்கவில்லை. மூமினா ஒரு கல்யாண வீட்டு வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணின் துணிமணி முழுக்க ஒரே கொடி, ருகையாவின் கொடி, பாதியில் நின்றிருந்தது. சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு மறுபடி வாய் வருமா? அதுவும் ரொம்ப காலமாக ஒளித்துச் செய்ததை எந்த முனையிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

மறுநாள் காலை காதிர் தூத்துக்குடி பஸ் ஏறினார். ஆறுமுகநேரி, ஆத்தூர், பழையகாயல் என்று ஊர்கள் போக, இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. காதிர் அவற்றைப் பார்க்கவில்லை. எந்த சிப்செட், எத்தனை ராம் துவாரம் என்று மனசுக்குள் ஏலம் போட்டுக்கொண்டு போனார். துபாயைவிட்டு வந்த பிறகு இத்தனை உற்சாகமாக அவர் எங்கேயும் போனதில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஜோன்ஸின் கடை. முதலில் அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொடுத்தவரும் ஜோன்ஸ்தான். அப்போது இளவட்டம். இப்போது தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஊரோட வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

விவரத்தைக் கேட்டதும் ஜோன்ஸ் உள்ளே போய் ஒரு போர்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இது அதே ஜாதி. செகண்ட் ஹேண்டுதான், ஆனா நான் ஓட்டிப் பாத்துட்டேன். உங்க பழைய பிராசஸர், ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் அப்படியே உக்காந்துடும். பின்னாடி பழைய சொருகு துவாரம் பூரா இருக்கு. ஒரு மணி நேர வேலை. புதுசு வேணும்னா இந்தா இது. இதுக்கு எல்லாமே புதுசா போடணும்."

காதிர் பழைய போர்டை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். முதுகைத் தடவினார். ஒரு திருகாணியை நகத்தால் சுரண்டினார். பெண் பார்க்கப் போன வீட்டில் குறை கண்டுபிடிக்கும் நாத்தனார் தோற்றார்.

"இதுவும் உப்புக்காத்து குடிச்ச போர்டுதான் தம்பி. இன்னைக்கு ஓடும். நாளைக்கு?"

"அதுக்கு நான் என்ன சொல்ல முடியும் அண்ணாச்சி."

"இந்த ராமெல்லாம் இப்பம் எவனும் செய்யுறதில்ல. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பும் கிடையாது. செத்ததுக்கு இன்னொரு சாகப்போறதை வாங்கி வைக்கச் சொல்லுதீங்க."

போர்டைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. எந்தக் கம்ப்யூட்டர்காரரும் மறுக்க மாட்டார்கள். ஜோன்ஸும் மறுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, எல்லாக் கடைக்காரர்களும் கேட்பதைக் கேட்டார்.

"அதுவும் சரிதான். வீட்ல என்ன வேலைக்கு அண்ணாச்சி?"

காதிர் சிரித்தார். தம் கேள்வியைத் தம்மிடமே ஒருவர் கேட்கிறாரே என்ற சிரிப்பு.

"வீட்ல என்ன வேலை இருக்கப்போகுது? மக படிப்பும் முடிஞ்சிட்டு. என் முகத்தைப் பாக்க வாங்குனது, நானும் வந்துட்டேன். சும்மா ஏதாவது மார்க்கப் பயான் கேப்பா, சமையல் பாப்பா."

"அப்பம் புதுசே போட்டிருங்க" என்றார் ஜோன்ஸ்.

எத்தனையோ ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி அவர் முன்னால் வந்து நின்றது. சட்டைப்பையில் போன் இருந்தது. எடுத்து வீட்டுக்கு அடித்து, ஜோன்ஸ் கேட்கிறார், என்ன வேலைக்கு என்று சொல்லு ருகையா என்று கேட்டிருந்தால், ஒருவேளை போனில் என்பதால் சொல்லியிருப்பாள். இதைப் பின்னால் காதிர் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தார் என்று கணக்கில்லை. அன்றைக்கு அவருக்கு அது தோன்றவே இல்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் இன்னொருவரிடம் கேட்பார்கள்?

புதுப் போர்டு, புதுப் பிராசஸர், புது ராம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் விரல் நீளத்தில் ஒரு சில்லு, எல்லாம் வாங்கினார். வரும் வழியில் மக்ரூனும் வாங்கினார். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அன்று மாலையே பூட்டி முடித்தார். பழைய டிஸ்க்கைப் பத்திரமாகத் துடைத்து அலமாரியில் வைத்தார். பின்பக்கத்தில் தொங்கிய தீப்பெட்டி அளவுப் பெட்டியைப் பார்த்தார். புரோகிராம் பூட்டு என்று அவருக்குத் தெரியாதா என்ன? முன்னே எப்போதோ ரிப்பேருக்கு வந்தவன் ஏதாவது மாட்டிவிட்டு எடுக்க மறந்திருப்பான் என்று நினைத்து, திருகாணிகள் கிடந்த தட்டில் போட்டார்.

சுவிட்சைத் தட்டியதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த இல்மாகூட வந்து பார்த்தாள். காதிர் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ருகையா திரையைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்க் குனிந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு துவாரமாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்கன அகலமா ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? அது பிரிண்டருக்கு வச்சிருந்தது. செத்துப்போன சாமான். இப்பம் எவனும் வைக்கிறதில்ல."

"வேற எதுலயும் வராதா?"

"எது வராதா?"

இல்மா வாயைத் திறந்தாள். ருகையா மகளை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். "நல்லா இருக்கு. வேகமா வருது."

திருகாணித் தட்டை அவள்தான் எடுத்து ஒதுக்கினாள். மறுநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். தமிழ்நாடு முழுக்க அந்த வியாபாரத்துக்குக் காயலான் கடை என்று எங்கள் ஊர்ப் பேரை வைத்திருக்கிறார்கள், எங்கள் ஊருக்கு மட்டும் சாக்கோடு வெளியூர்க்காரர் வருகிறார். காதிர் பழைய போர்டையும் உடைந்த மின்விசிறியையும் சாக்கில் போட்டுக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ருகையா வந்து சாக்கில் சின்னதாக ஏதோ போட்டுவிட்டுப் போனாள். என்ன என்று அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. பின்கதவு திறக்கிற சத்தம் குறைந்தது. மத்தியானம் ருகையா படுத்துத் தூங்கினாள். நல்லவேளை, இப்போதாவது ஓய்வெடுக்கிறாளே என்று காதிர் சந்தோஷப்பட்டார். புதுக் கம்ப்யூட்டரில் துபாய்க் கூட்டாளிகளோடு பேசினார். பந்தாட்டம் பார்த்தார். ருகையா அதன் பக்கமே வருவதில்லை என்பது சில வாரம் கழித்துத்தான் அவர் புத்திக்கு எட்டியது.

"உம்மா ஏன் கம்ப்யூட்டர்ல உக்காருறதே இல்ல?" என்று இல்மாவிடம்தான் கேட்டார். அப்போதும் ருகையாவிடம் கேட்கவில்லை.

இல்மாவுக்குப் பொறுக்க முடியவில்லை. "எப்படி வாப்பா உக்காருவாங்க? அவங்க வேலைதான் போயிட்டுல்லா" என்று ஆரம்பித்தவள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூமினா, மெஷின், பூட்டுப்பெட்டி, கல்யாண வீட்டுக் கொடி, பூத்துணி. காதிர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறதா? 'என் வீடு' என்று நினைத்ததுமே அது தம் வீடில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் அந்தப் போன் பேச்சு வந்தது. தாம் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை காதில் கேட்டது. அவள் சொன்ன "சரி"யும் கேட்டது.

மறுநாள் ஜோன்ஸ் கடை திறக்கும் முன்பே மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய போர்டு இருக்கா தம்பி?"

"சாகப்போற போர்டா அண்ணாச்சி? இருக்கு. அதை யாரு வாங்குதா?"

காதிர் அந்தக் கேலிக்குச் சிரிக்கக்கூட இல்லை. போர்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இந்தத் தடவை உப்பளங்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. ஒன்றும் மனசில் பதியவில்லை. அந்த அகலமான துவாரம் இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார்.

யாரோ பிள்ளை பெற்றிருந்த வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தாள் ருகையா. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். பழைய பிராசஸர், பழைய ராம், அலமாரியில் வைத்த பழைய டிஸ்க். எல்லாம் ஜோன்ஸ் சொன்னபடி அப்படியே உட்கார்ந்தன. பழைய திரை மெல்ல மெல்ல முக்கி முனகிக்கொண்டு வந்தது. பிள்ளை வயதில் இல்மா கடற்கரையில் நிற்கும் படம் திரையில் விரிந்தது.

ருகையா பின்வாசல் வழியாக வந்தாள். "இங்க வா" என்று கூப்பிட்டார். "பழையபடி ஓடுது பாரு."

அவள் பார்த்தாள். முகம் மலர்ந்ததைக் காதிர் கண்ணால் கண்டார். அத்தனை வருஷ லீவுகளில் ஒரு தடவைகூட அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. கையிலிருந்த பையை வைக்காமலே உட்கார்ந்து, பழகிய கையால் அந்தப் புரோகிராமைத் தட்டினாள். சின்னதாக ஒரு கட்டம் திரையில் வந்து நின்றது. பூட்டைக் காணவில்லை என்றது.

ருகையாவின் கை மவுஸிலிருந்து விலகியது.

"அந்தப் பெட்டி எங்க ருகையா? தட்டுலதான் போட்டேன்."

"அது போயிட்டு. சாக்குல போட்டு விட்டுட்டேன். சொருக இடமில்லாததை வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

காதிர் ஜோன்ஸுக்குப் போன் போட்டார். அந்தப் பூட்டு தனியாகக் கிடைக்காது, அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றார் ஜோன்ஸ். காதிர் ருகையாவிடம் சந்தைக்கு வந்த வியாபாரி மாதிரி படபடவென்று பேசினார். வேற சாஃப்ட்வேர் வாங்குவோம், இப்பம் புதுசு புதுசா வந்திருக்கு, நானே படிச்சிச் சொல்லித் தாரேன்.

"வேண்டாம்" என்றாள் ருகையா. "மூமினா இப்பம் தூத்துக்குடியில ஒரு ஆளுகிட்ட டிசைன் வேலையைக் குடுத்துட்டா. போன்லயே அனுப்பிடுறாராம். அவளைக் குத்தம் சொல்ல முடியாது. கல்யாண வீட்டுத் துணி நமக்காகக் காத்துக் கிடக்குமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

ருகையா அவரை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"சொன்னேனே. பழையபடி ஓடணும்னு சொன்னேன். ஒண்ணும் மாத்த வேண்டாம்னு சொன்னேன். அகலமா இருந்தது எங்கன்னும் கேட்டேன்."

வாடிக்கையாளர் சொன்னதை இப்படிக் காதில் வாங்காமல் அவர் ஒரு கம்பிகூட விற்றதில்லை. திரையில் அந்தக் கட்டம் நின்றபடியே நின்றது. அதற்குப் பின்னால் இந்த டிஸ்க்குக்குள் அவள் போட்ட பூவும் கொடியும் அத்தனையும் இருக்கின்றன. இனி யாராலும் திறக்க முடியாது. அவளாலும் திறக்க முடியாது.

"நீ போட்டதுல ஒண்ணையாவது எனக்குப் பாக்கணும்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. யாரு வீட்ல இருக்கும்?"

"உங்க தலையில இருக்கு" என்றாள் ருகையா.

காதிர் தொப்பியைக் கழற்றினார். கடைசியாகத் துபாயில் இருந்த நோன்புக்குப் பொட்டலத்தில் வந்த தொப்பி. தினம் ஐந்து வேளையும் போட்டுக் கழற்றுவது. வெள்ளை ஓரத்தில் வெள்ளை நூலாலேயே ஒரு கொடி சுற்றி வந்தது. இலையும் மொட்டும் கிட்டப் போனால்தான் தெரியும். கொடி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு சுத்தம். அவர் கட்டைவிரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது நீ போட்டதா?"

"வருஷத்துக்கு ஒண்ணு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்றாள். அவள் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. பையைத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு கேட்டாள்: "மத்ததெல்லாம் உங்க துபாய்ப் பெட்டியிலதான இருக்கு?"

ரூமில் இருந்த மலையாளி, சமையல்காரப் பட்டாணி, டிரைவர் ஒருவர், பேர்கூட மறந்துபோன இன்னும் யார் யாரோ. எடுத்துக்க, எங்க ஊர்ல கடையில கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லிக் கழற்றிக் கொடுத்தவை.

"தேடிப் பாக்கணும்" என்றார் காதிர்.